பூரணமென்று காதில் விழுந்த வயல்

என் வீட்டுக்காரருக்கு அவசரக் காது. யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கேட்பார், மீதியைத் தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்வார். மற்றபடி குறை சொல்ல முடியாத மனிதர். குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது, போட்ட சோற்றில் உப்புக் குறைவு என்று முகம் சுளித்தது கிடையாது. அந்தக் காது ஒன்றுதான். எங்களுக்கு வயல் கிடைத்ததே அந்தக் காதினால்தான் என்பதால் இப்போது அதைப் பற்றி அடக்கியே பேசுகிறேன். அப்போது நான் பேசிய பேச்சு வேறு.

கண்டி மலையில் நாங்கள் கூலிக்கு இருந்த தோட்டத்தில் காப்பி செத்துக்கொண்டிருந்த காலம் அது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் பொடி அப்பியிருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். ஒரு மாதத்தில் இலை முழுக்கக் கொட்டி, செடி வெறும் குச்சியாக நிற்கும். முதல் வருஷம் வெள்ளைக்காரத் தொரை எரு போடச் சொன்னார். அடுத்த வருஷம் கந்தகம் தூவச் சொன்னார். அதற்கடுத்த வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முறை ஒரு கூடை பழம் சேர்க்க மலையை முழுக்கச் சுற்றி வர வேண்டியிருந்தது. தை மாதம் தோட்டத்தை மூடிவிட்டார்கள். கங்காணி எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக வந்து, "மாசி பொறந்ததும் ஊருக்குப் போறோம், மூட்டைய கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், புதுக்கோட்டைச் சீமை. கண்டியிலிருந்து மாத்தளை, மாத்தளையிலிருந்து தம்புள்ள, அப்புறம் காட்டுக்குள்ளேயே நடந்து மன்னார், அங்கே தோணி. நாங்கள் வந்த வழியும் அதுதான். மன்னாரில் இறங்கும்போது மூன்று பேராக இருந்தோம். தம்புள்ள வந்து சேருமுன் இரண்டு பேராகிவிட்டோம். மகளுக்கு மூன்று வயது. காய்ச்சலும் பேதியும் சேர்ந்து வந்து இரண்டே நாளில் கொண்டுபோய்விட்டது. கூட்டம் எங்களுக்காக நிற்காது என்றார்கள். ஒரு பாலை மரத்தடியில் அவளை வைத்து, மேலே மூன்று கல்லை வைத்துவிட்டு, மற்றவர்களை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தோம். அந்த வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

"நீங்க போங்க. நான் அந்த மரத்தைத் தாண்டி நடக்க மாட்டேன்" என்று அன்றைக்கு லயத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

ஆறு வருஷத்தில் நான் அந்த மரத்தைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் விடிந்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி அலவத்துகொடைப் பக்கம் போனார். சாயங்காலம் திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு.

"வயல் கெடைச்சிருச்சு புள்ள. சாதாரண வயல் இல்ல, பூரண வயலாம். வயலுக்குச் சொந்தக்காரச் சிங்களப் பொம்பளையே சொல்லிச்சு. வெதை நெல்லு அவுங்களோடது, வேலை நம்மளோடது, வெளைச்சல்ல ஆளுக்குப் பாதி."

"பூரண வயல எவ சும்மா குடுப்பா?"

"ஆளு இல்லயாம். கை நீட்டிக் காட்டிச்சு. பூரண், பூரண்னு ரெண்டு தரம் சொல்லிச்சு. நமக்குப் புரியாதா?"

அதோடு ஒரு பேச்சும் வைத்துக்கொண்டோம். அடுத்த மாசிக்குள் எங்கள் குடிசையில் நெல் இருந்தால் இங்கேயே இருப்பது. இல்லாவிட்டால் அப்போது ஊருக்குப் போகும் கூட்டத்தோடு நானும் மறுபேச்சு இல்லாமல் நடப்பது. சரி என்று தலையாட்டினேன். பூரண வயலில் ஒரு போகம் எடுக்க ஒரு வருஷம் எதற்கு என்று மனதுக்குள் நினைத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். மாத்தளை ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. அதில் ஒன்பது தட்டாக வயல் இருக்கிறது என்றார். நான் பார்த்தவரை அங்கே இருந்தது புல். என் தலைக்கு மேல் வளர்ந்த இலுக்குப் புல், ஓரத்தை உருவினால் கையை அறுக்கிற சாதி. புல் இல்லாத இடத்தில் உண்ணிச்செடி முள்ளோடு பின்னிக் கிடந்தது. வரப்பு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை.

"எங்க வயலு?" என்றேன்.

அவர் புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுதான்" என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் மணிச் சத்தம் கேட்டது. அலவத்துகொடை முஸ்லிம் ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், ஆறு மாட்டு முதுகில் பொதி ஏற்றி மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏவாரம் போகிறவர். அந்த மாட்டு வரிசையைத் தவளம் என்பார்கள். லயத்தில் எங்களுக்கு உப்பும் கருவாடும் விற்கிறவர் என்பதால் பழக்கமானவர். நான் போட்ட சத்தத்தில் மாட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தாடியைத் தடவிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"தங்கச்சி, அது பூரண் இல்ல, புரன். செய்யாம உட்டு, காடு மண்டிக் கெடக்குற வயலத்தான் சிங்களத்துல புரன் கும்புர எண்டு சொல்லுற. அந்தப் புள்ள பொய் சொல்லல்ல. உள்ளதத்தான் சொல்லீக்கிது."

என் வீட்டுக்காரர் குனிந்து கால் விரலால் மண்ணைக் கிளறினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பூரணமாத்தான் இருக்கு. கண்ணு வைக்க எடமில்லாம புல்லு பூரணமா இருக்கு" என்று ஆரம்பித்தவள் நானா போன பிறகும் நிறுத்தவில்லை. ஆனால் லயத்துக்குத் திரும்பிப் போகலாம் என்று மட்டும் என் வாயில் வரவில்லை. லயத்தில் கங்காணி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

வயலின் சொந்தக்காரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் இல்லை, அண்ணன்மார் பக்கத்திலேயே இருந்தார்கள். அவளுடைய வீட்டைச் சுற்றியும் காப்பிதான் வைத்திருந்தார்கள். காப்பி விற்ற காசில் அரிசி வாங்கிச் சாப்பிட்டதால் யாரும் வயலில் இறங்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். இப்போது எங்களுக்குச் செத்த காப்பி அவளுக்கும் செத்துவிட்டது. என்னைக் கண்டதும் "நங்கி" என்றாள். தங்கச்சி என்று அர்த்தம். நான் பதிலுக்கு "அக்கே" என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் பாஷை இல்லை. அவள் ஒரு பலாக்காயைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வயலோரமாக ஒரு குடிசை போட்டோம். வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் கண்டி டவுனில் காப்பி ஸ்டோரில் மூட்டை தூக்கப் போனார், மற்ற நாள் வயல். எங்கள் சீமையில் புஞ்சைக் காட்டைத் திருத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியும். வெயில் காலத்தில் நெருப்பு வைக்க வேண்டும், சாம்பலோடு உழ வேண்டும். மாசி வெயில் நன்றாகக் காய்ந்தது. ஒரு நாள் காற்று அடங்கியிருக்கும் நேரம் பார்த்துத் தீப்பந்தத்தைக் கொளுத்தினார்.

எதிர் மேட்டிலிருந்து வயல்காரி பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "எபா! எபா!" என்று கத்தினாள்.

"ஏப்பான்னு கூப்புடுது பாரு. சந்தோசம் அதுக்கு" என்று என் வீட்டுக்காரர் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் பந்தத்தைப் புல்லில் வைத்தார்.

எபா என்றால் வேண்டாம் என்று அர்த்தம். ஆறு வருஷம் இந்த மண்ணில் இருந்தும் லயத்தை விட்டு வெளியே போகாத எங்களுக்கு அது தெரியாது. அவள் மேட்டிலிருந்து ஓடி இறங்கி வருவதற்குள் புல் முழுக்கப் பற்றிக்கொண்டது. எனக்கு அந்த நெருப்பு பிடித்திருந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். அரை நாளில் ஒன்பது தட்டும் கறுப்பாகத் தெரிந்தது. வயல்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள், எங்களைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பொறாமை என்றுகூட நினைத்தேன்.

பங்குனியில் இரண்டு தூறல் விழுந்தது. பத்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் வயல் முழுக்கப் பச்சை. யாரோ விதைத்துவிட்டுப் போன மாதிரி அடர்த்தியாக இலுக்கு முளைத்திருந்தது. முன்பு இருந்ததைவிடக் கூடுதல். நெருப்பு மேலே இருந்ததை எரித்ததே தவிர, மண்ணுக்குள் ஓடும் வேருக்கு எரு போட்டிருந்தது. நான் சாம்பலில் உட்கார்ந்து அழுதேன். பாலை மரம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அன்றைக்கும் தவளம் வந்தது. நானா இறங்கி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, புல்லைத்தான் பார்த்தார். அவர் மனிதரா என்று எனக்குத் தோன்றியது.

"அல்ஹம்துலில்லாஹ். இந்தக் குருத்துப் புல்லுக்கு மாடு உசிர உட்டுடும் தங்கச்சி. முத்துனா வாயில வெக்கிறதில்ல, இப்பிடி எளசா ஈக்கக்குள்ள கரும்பு மாதிரி. நம்மட மாட்ட இங்க ரெண்டு நாள் மேய உடட்டா?"

"நல்லா உடுங்க. வேரோட திங்கச் சொல்லுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு போகும்போதும் வரும்போதும் அவருடைய ஆறு மாடும் எங்கள் வயலில் தங்கிப் போகும். புல் தலை தூக்குமுன் கடித்துவிடும். சாணியும் போட்டுவிட்டுப் போகும். நானா உப்பும் கருவாடும் வைத்துவிட்டுப் போவார். விளைந்தால் வைக்கோல் முழுக்க உங்களுக்கு என்று என் வீட்டுக்காரர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். விளையட்டும் பார்ப்போம் என்று நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்திரையில் மம்பட்டி போட்டோம். இலுக்கு வேர் ஊசி மாதிரி. ஒரு துண்டு விட்டுப்போனாலும் அதிலிருந்து ஒரு குத்து முளைக்கும். முழங்கால் ஆழம் வெட்டி வேரைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெட்டின மண் சிவப்பாக இருந்தது, பொடிக்கல்லோடு. இன்னும் ஆழமாக வெட்டினால் திடீரென்று நிறம் மாறிக் கறுப்புச் சேறு. அந்தச் சிவப்பு மண்ணில் அங்கங்கே சின்னச் செடி. பளபளவென்று இரண்டு இலை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். காப்பி.

அந்த மண்ணை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் என் பாத வெடிப்பில் இருந்த மண். நிமிர்ந்து பார்த்தால் வயலுக்கு நேர் மேலே எங்கள் தோட்டத்து மலை. தொரைக்குக் காப்பிச் செடிக்கு நடுவில் ஒரு புல் கண்ணில் படக் கூடாது. பட்டால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். அதனால் நாங்கள் மாதம் ஒரு முறை அந்த மலையைத் தாடி சிரைக்கிற மாதிரிச் சுரண்டிக்கொண்டே இருந்தோம். சுரண்டின மண்ணை மழை எங்கே கொண்டுபோகிறது என்று நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அது இங்கே வந்து, ஒன்பது தட்டையும் தண்ணீர் வரும் வாய்க்காலையும் மூடியிருந்தது. அரிசியைக் கடையில் வாங்கியதனால் மட்டும் இந்த வயல் புரனாகவில்லை. நான்தான் புரனாக்கியிருக்கிறேன். சுரண்டுவதில் கெட்டிக்காரி என்று கங்காணி என்னை முன்வரிசையில்தான் விடுவார்.

காப்பிக் கன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்காரி வீட்டுக்குப் போனேன். மலையைக் காட்டினேன், மண்ணைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும் நங்கி" என்றாள். அதற்குள் கொஞ்சம் அவளுடைய பாஷை எனக்கும் கொஞ்சம் என்னுடையது அவளுக்கும் ஒட்டியிருந்தது. இரண்டையும் கலந்து அவள் சொன்னது இதுதான். "ஒவ்வொரு மழைக்கும் செவப்புத் தண்ணி வரும். நான் இங்கேயிருந்து பாத்துக்கிட்டு இருப்பேன். அண்ணன்மாரு ரெண்டு வருசம் அள்ளிப் பாத்தாங்க, விட்டுட்டாங்க. ஒன் புருசன் வந்து, மேல் தோட்டத்து ஆளுன்னு சொன்னான். அதுக்குத்தான் ஒடனே குடுத்தேன். நீங்க கொண்டாந்த மண்ணு. நீங்களே அள்ளிட்டுப் போங்க."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. இவ்வளவு நாள் பலாக்காயைக் கொடுத்துக்கொண்டு மனதில் இதை வைத்திருந்தாளா என்று மூன்று நாள் அவள் முகத்தில் முழிக்கவில்லை. நாங்கள் என்ன, ஆசைப்பட்டா சுரண்டினோம்? பாதிச் சம்பளத்துக்குப் பயந்து சுரண்டினோம். வீட்டுக்காரரிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தத் தடவை அவர் முழுக்கக் கேட்டார். "நெசந்தான். ஆனா மண்ணு அங்கதான கெடக்கு" என்றார்.

நாலாம் நாள் பழம் பறிக்கிற பழைய கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சிவப்பு மண்ணை அள்ளி எங்கே போடுவது? முதலில் எங்கள் குடிசைக்குத் தரை உயர்த்தினோம். மழைக்கு ஈரம் ஏறாமல் இடுப்பளவு மேடாகிவிட்டது. அப்புறம் வரப்பு கட்டினோம். மீதியை வயல்காரி வீட்டுத் தோட்டத்துக்குச் சுமந்தோம். அங்கே காப்பி செத்த இடத்தில் அவள் வாழை வைத்தாள். வைகாசி முடியும்போது எனக்குக் காலையில் குமட்ட ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை உண்டானது உண்மையாகிவிடும், உண்மையானால் மாசியில் கைக்குழந்தையோடு அந்த ரோட்டில் நடக்கும் கணக்கும் உண்மையாகிவிடும் என்று பயம். அதனால் முன்பைவிட வேகமாகக் கூடையைத் தூக்கினேன்.

வயல்காரி கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் மேட்டிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "எபா நங்கி! எபா!" என்று கத்தினபடி இறங்கி வந்தாள்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வேணாங்குது. கூடைய கீழ வையி" என்றார்.

அவள் என் தலையிலிருந்த கூடையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆடி முடியும்வரை அந்தக் கூடை அவளுடையது. நீங்களே அள்ளிட்டுப் போங்க என்றவள், எங்களோடு சேர்ந்து அள்ளினாள். நான் வரப்பில் உட்கார்ந்து வேர் பொறுக்கினேன். அவள் போகும்போதும் வரும்போதும் எதையாவது சொல்லித் திட்டிக்கொண்டே போவாள், நானும் திட்டுவேன். பாதி புரியாது. மனதுக்கு நன்றாக இருந்தது.

ஆவணியில் வாய்க்கால் திறந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் வந்து மேல் தட்டில் விழுந்து, நிறைந்து, அடுத்த தட்டுக்கு இறங்கியது. நெருப்புக்கும் மம்பட்டிக்கும் அசையாத இலுக்கு வேர், தேங்கின தண்ணீரில் இருபது நாளில் அழுகிவிட்டது. அந்த நாற்றத்தை நான் வாசலில் உட்கார்ந்து ஆசையோடு பிடித்தேன். புரட்டாசியில் வயல்காரியின் அண்ணன்மார் எருமைகளை ஓட்டி வந்து சேற்றை மிதித்தார்கள். பதிலுக்கு என் வீட்டுக்காரர் அவர்கள் வேலிக்கு ஆறு நாள் வேலை செய்து கொடுத்தார். ஐப்பசியில் முளை கட்டின நெல்லை வீசினோம். ஒரு வாரத்தில் பச்சை தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தபோது, இலுக்கோ என்று முதலில் பயந்துவிட்டேன். குனிந்து கிள்ளிப் பார்த்து நெல்தான் என்று உறுதியான பிறகுதான் நிமிர்ந்தேன்.

கார்த்திகையில் வானம் உடைந்த மாதிரி மழை பிடித்தது. இந்த ஒரு மழைக்குத்தான் நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம். மேலே மலை அப்படியே இருக்கிறது. சிவப்புத் தண்ணீர் ஒரு நாள் வந்தால் போதும், எட்டு மாத வேலை ஒரு சாயங்காலத்தில் மூடிப்போகும். பயிர் ஒரு சாண் உயரம்கூட இல்லை. என் வீட்டுக்காரரும் வயல்காரியும் அவளுடைய அண்ணன்மாரும் மம்பட்டியோடு வாய்க்கால் தலையில் போய் நின்றார்கள். சிவப்புத் தெரிந்தவுடன் வாய்க்காலை வெட்டி ஓடைக்கே திருப்புவது என்று யோசனை. வெட்டினால் மேல் மூன்று தட்டும் சரிந்துவிடும், ஆனால் கீழே இருப்பதாவது பிழைக்கும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிசை வாசலில் நின்று பார்த்தேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலு பேரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள். மழை விடவில்லை. மத்தியானம் ஆனது. மம்பட்டியை யாரும் ஓங்கவில்லை.

பொறுக்க முடியாமல் நானும் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். திட்ட வாயெடுத்த வயல்காரி திட்டவில்லை. தண்ணீரைக் காட்டினாள். கலங்கல்தான், ஆனால் சிவப்பு இல்லை. கையில் அள்ளினால் அடியில் ரேகை தெரிந்தது.

மலையைப் பார்த்தேன். மழைத் திரைக்கு நடுவில் எங்கள் தோட்டம் பச்சையாகத் தெரிந்தது. காப்பியின் பச்சை இல்லை, புல்லின் பச்சை. காலையில் பெரட்டுக்கு வரிசை நிற்கக் கூப்பிட ஆள் இல்லை, சுரண்ட ஆள் இல்லை. ஒரே வருஷத்தில் மலை தன்னைத் தானே போர்த்திக்கொண்டுவிட்டது. நான் ஆறு வருஷம் சம்பளம் வாங்கி ஒழித்த அதே புல், அன்றைக்கு எங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நனைந்த துணியோடு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன். நாலு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

தை நடுவில் மகள் பிறந்தாள். எங்கள் சிவப்பு மண் தரையில்தான் பிறந்தாள். வயல்காரிதான் பிடித்தாள். தொப்புள் கொடியை அறுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய் வயலைக் காட்டினாள். கதிர் பால் பிடிக்கும் நேரம் அது. கிளி விரட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

மாசிக் கடைசியில் அறுத்தோம். மேல் இரண்டு தட்டில் இன்னும் இலுக்கு கலந்திருந்தது, விளைச்சல் அங்கே சுமார்தான். கீழ்த் தட்டுகளில் கதிர் தலை சாய்ந்திருந்தது. எருமையை விட்டுப் போரடித்தோம். எங்கள் பங்கு நெல் குடிசையில் ஒரு மூலையை நிறைத்து, நாங்கள் படுக்கிற இடத்தையும் பிடித்துக்கொண்டது. நானா ஆறு மாட்டின் மேலும் வைக்கோலை ஏற்றினார். மாடு தெரியாமல் வைக்கோல் மட்டும் நடந்து போனது. போகும்போது ரோட்டிலிருந்து திரும்பி, "தங்கச்சி, இப்பத்தான் பூரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அதை முழுக்கக் கேட்டார்.

அதற்கு இரண்டாம் நாள் வடக்கே போகும் கூட்டம் வந்தது. கம்பளைப் பக்கம் இன்னொரு தோட்டத்தை மூடிவிட்டார்களாம். ஐம்பது அறுபது பேர், சட்டி பானையோடு, கோழியோடு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாத்தளை ரோட்டில் போனார்கள். தண்ணீர் கேட்டு வாய்க்காலுக்கு இறங்கினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "நீங்க ஊருக்கு வரலயா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். போன வருஷத்துப் பேச்சு அவருக்கு நினைவிருந்தது. நான் குடிசைப் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

"இல்லீங்க. நெல்லு இருக்கு" என்றார்.

கூட்டத்தில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், நடைக்குப் பயந்த முகம். அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். விதைக்கென்று கட்டி வைத்திருந்ததிலிருந்து ஒரு கைப்பிடிக் கதிரை உருவிக் கொடுத்தேன். தம்புள்ள தாண்டி, ஒரு குளக்கரை வரும், கரை முடிகிற இடத்தில் இடது கைப் பக்கம் ஒரு பாலை மரம், அடியில் மூன்று கல் என்று அடையாளம் சொன்னேன். ஏழு வருஷம் ஆகியிருந்தது, அடையாளம் ஒன்றும் மறக்கவில்லை. கல் கலைந்திருந்தாலும் பரவாயில்லை, மரத்தடியில் வைத்தால் போதும் என்றேன்.

அவர் கதிரை வாங்கிக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை. "ஏதாச்சும் சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழு வருஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தவள் நான். தோளில் கிடந்த பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தங்கச்சி பொறந்திருக்கான்னு சொல்லுங்க. அவ இந்த ரோட்டுல நடக்க வேண்டியதில்லன்னும் சொல்லுங்க."

அந்த அம்மா கதிரை முந்தானையில் முடிந்துகொண்டு, கூட்டத்தோடு சேர வேகமாக நடந்தார்.